மூன்று நாட்டு வங்கிகளும் அக்காவின் கையெழுத்தும்

என் அக்காள் கணவருக்கு மூன்று நாட்டு வங்கிகளில் பங்கு இருந்தது. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில் தென்னையும் நிலக்கடலையும் வைத்துப் பிழைத்த ஒருவர் எழுபதுகளில் இப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்தது அபூர்வம். ஆனால் அவர் அதை அபூர்வமாகச் சொல்லவில்லை. உரக்கடையில் சொன்னார், முடிதிருத்தும் கடையில் சொன்னார், பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார். பங்கு என்றால் என்ன என்று மட்டும் யாரும் அவரைத் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றோடு பேச்சு நின்றிருக்கும்.

மூன்றில் இரண்டு அவருடைய அப்பா வைத்துவிட்டுப் போனவை. அந்தப் பெரியவர் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தவர். பெனாங்கில் சீன வியாபாரிகள் நடத்திய ஒரு வங்கியிலும், பெனாங்கில் கிளை வைத்திருந்த ஒரு லண்டன் வங்கியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வாங்கிச் சேர்த்தார். ஊர் திரும்பிய பிறகும் அவற்றை விற்கவில்லை. 1971 ஐப்பசியில் இறந்துபோனார்.

மூன்றாவது, பாலக்காட்டுப் பக்கத்துச் சின்ன வங்கி ஒன்றின் பங்கு. அது மச்சானுடையது அல்ல, என் அக்காவினுடையது. எங்கள் அப்பா கல்யாணத்தின்போது அவள் பெயரிலேயே வாங்கிக் கொடுத்தார். வீடு, நிலம், மாடு, மோட்டார் எல்லாம் அந்த வீட்டு ஆண்களைச் சேர்ந்தவை. அவள் பெயர் அச்சாகியிருந்த ஒரே சொத்து அந்தப் பத்திரங்கள்தான்.

1974-இல் கிணறு வற்றியது. மழை ஏமாற்றியது இது முதல் தடவை அல்ல. ஆனால் அந்த ஆண்டு அடிப்பாறை தெரிந்தது. வேட்டு வைத்து இன்னும் இரண்டு ஆள் ஆழம் இறக்கி, பெரிய மோட்டார் மாட்டினால்தான் தென்னை பிழைக்கும் என்று கிணறு வெட்டுகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒரு வங்கியின் பங்கை விற்க வேண்டும். எந்த வங்கியை என்பதுதான் கேள்வி. மச்சான் பதிலை முடிவு செய்துகொண்டு கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் விற்க நினைத்தது அக்காவுடையதை.

"அந்த பேங்க சர்க்காரே வேண்டாம்னு உட்டுட்டுது மாப்ளே," என்றார் என்னிடம். "அறுபத்தொம்பதுல பெரிய பேங்க் அத்தனையும் எடுத்தாங்கல்ல? இத ஏன் எடுக்கல? அதுலயே தெரியலியா அதோட லச்சணம்?"

1969 ஜூலையில் அரசு நாட்டுடைமையாக்கியது பதினான்கு பெரிய வங்கிகளை. சிறிய வங்கிகளைத் தொடவில்லை. காரணம் அவற்றின் அளவு, தரம் அல்ல. இதைச் சொன்னேன். "அதேதான் நானுஞ் சொல்றேன்," என்றார். அவரோடு வாதாடுவதில் உள்ள சிரமம் இது. நாம் சொல்வது எதுவாக இருந்தாலும் அவர் முன்பே சொன்னதாகிவிடும்.

வெளிநாட்டு வங்கிகளின் மேல் அவருக்கு இருந்த மதிப்புக்குக் காரணம் எளியது. அவற்றின் ஈவுத்தொகை பணமாக வருவதில்லை. பெனாங்கில் துணிக்கடை வைத்திருந்த அவர் அப்பாவின் நண்பர் அங்கேயே அதை வாங்கி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் சாமானாகக் கொடுத்துவிடுவார். நைலான் சட்டை, மூன்று பேட்டரி டார்ச், தைலம், மடக்குக் குடை. அக்காவின் வங்கியோ ஆண்டுக்கு ஒருமுறை சின்னக் காகிதத்தில் ஒரு தொகை எழுதி அனுப்பும். சட்டையையும் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது நல்ல வங்கி என்று யாருக்கும் தெரியுமே என்பது அவர் ஆராய்ச்சி.

அக்கா எனக்கு எழுதினாள். அவள் கடிதங்கள் நான்கு வரிக்கு மேல் போனதில்லை. 'நீதான் புத்தகம் எல்லாம் படிக்கிறாய். எந்த வங்கி நல்லது என்று பார்த்து உன் மச்சானிடம் சொல். நான் சொன்னால் ஏறாது. என்னுடையதை விற்க எனக்கு இஷ்டம் இல்லை.'

நான் அப்போது வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீசில் வேலையில் இருந்தேன். எதற்கும் தேதி குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உண்டு. மானேஜர் பங்களாவில் படித்துக் கழித்த லண்டன் பத்திரிகைகள் கப்பலில் வந்து, கைமாறி, இரண்டு மாதம் பழையதாகி எங்கள் ஆபீசுக்கு வந்து சேரும். மற்றவர்கள் அவற்றில் தேயிலை சாம்பிளைப் பொட்டலம் மடித்தார்கள். நான் பங்கு விலைப் பக்கத்தைக் கத்தரித்து வைத்தேன்.

ஒரு முழுத்தாளில் அட்டவணை போட்டேன். மூன்று வங்கிகளின் முகமதிப்பு, பத்தாண்டு ஈவுத்தொகை, தெரிந்தவரை சந்தை விலை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, 1967 நவம்பரில் இங்கிலாந்து பவுனின் மதிப்பைக் குறைத்தது, 1973-இல் மலேசிய டாலரும் சிங்கப்பூர் டாலரும் பிரிந்தது எல்லாவற்றையும் ஓரத்தில் சிவப்பு மையில் குறித்தேன். எனக்கே அதைப் பார்க்க அழகாக இருந்தது. முடிவு தெளிவாகத் தெரிந்தது. லண்டனில் பங்கு விலைகள் மாதாமாதம் சரிந்துகொண்டிருந்தன. விற்பதானால் லண்டனை விற்க வேண்டும், அக்காவுடையதைத் தொடக்கூடாது.

மச்சான் அதை நேரில் கேட்க வந்தார். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி வந்து, குமுளியில் இறங்கி ஏலக்காய் விலையையும் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு ஏலக்காயோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பெனாங்கு குடை கக்கத்தில் இருந்தது. அட்டவணையை ஒரு நிமிடம் பார்த்தார்.

"எழுத்து முத்து மாதிரி இருக்குது," என்றார். "உங்க பெரிய கிராணி இதப் பாத்தாரா?"

பெரிய கிராணி என்றால் எங்கள் ஆபீசின் தலைமைக் கிளார்க். திருநெல்வேலிச் சீமைக்காரர். பழைய வெள்ளைக்கார மானேஜர் காலத்தில் பங்குத் தரகருக்குப் போகும் கடிதங்களை உறையிலிட்டு ஒட்டியவர். அந்தக் கோந்து அவர் விரலில் பட்ட ஒரே காரணத்தால் தோட்டம் முழுவதும் அவரைப் பங்கு நிபுணர் என்று நம்பியது. அவரும் நம்பினார்.

அவருடைய குவார்ட்டர்சுக்குப் போனோம். பத்திரங்களை மச்சான் மேசைமேல் பரப்பினார். பெரிய கிராணி லண்டன் பத்திரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"தாளு நல்ல கனம்," என்றார். "என்ன சதமானம் குடுக்கான்?"

நான் மூன்று வங்கிகளின் சதவீதத்தையும் சொன்னேன். பெனாங்கு இருபதைத் தாண்டியது. லண்டன் அதற்குக் கீழே. அக்காவின் வங்கி எல்லாவற்றுக்கும் கீழே.

"பாத்தீரா வே," என்றார் மச்சானிடம். "இருவதுக்கு மேல குடுக்கான் சீனாக்காரன். இங்க நம்ம கம்பெனிட்ட எட்டே கால் சொச்சத்துல இருந்து ஏத்துததுக்கு வருசாவருசம் நாம தண்ணி குடிக்கோம். இருவது தாண்டுனா சட்டமே கூடாதுங்கு. அவன் தாண்டிட்டாம்லா."

இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் இருந்த எங்களுக்குச் சதவீதம் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஓணத்துக்கு முன்னால் வரும் போனஸ். சட்டப்படி குறைந்தது எட்டே கால் சொச்சம், அதிகம் போனால் இருபது. நடுவில் உள்ள ஒவ்வொரு அரைக்கும் மனு, பேச்சுவார்த்தை, வாயில் கூட்டம். ஆகவே எந்த நாட்டு எந்தக் கம்பெனி எந்தச் சதவீதம் கொடுத்தாலும் எங்கள் ஆட்கள் அதை ஒரு முதலாளியின் மனசாகவே பார்த்தார்கள். இருபது கொடுப்பவன் நல்லவன், பத்து கொடுப்பவன் கஞ்சன்.

"அந்தச் சதவீதம் பத்திரத்துல அச்சடிச்ச விலைக்குங்க அண்ணாச்சி," என்றேன். "நூறுன்னு அச்சடிச்ச பங்கு சந்தையில ஐந்நூறுக்கு வித்தா, இருபது சதவீதம்கறது நாலுதான். அக்காவோட பங்கு அச்சடிச்ச விலையை ஒட்டித்தான் விக்குது. அதனால அது குடுக்கற பத்து, நெசமாவே பத்து. கணக்குப் பார்த்தா மூணுல அதுதான் எச்சு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றிலும் முதல் மதிப்பெண் வாங்கும் பையனைக் கடைசி பெஞ்சுக்காரர்கள் பார்ப்பது போன்ற பார்வை.

"ஏ தம்பி, நீ படிச்சவன்," என்றார் பெரிய கிராணி இரக்கத்தோடு. "இருவது எப்பிடி டே நாலாவும்?"

"அது பொஸ்தகத்துல ஆகுமுங்க," என்றார் மச்சான். இருவரும் சிரித்தார்கள்.

பிறகு பெரிய கிராணிக்கு ஒரு யோசனை வந்தது. அவருடைய யோசனைகள் எல்லாம் மனு வடிவில்தான் வரும். சீனாக்காரன் இருபது தாண்டும்போது லண்டன்காரன் ஏன் குறைத்துக் கொடுக்க வேண்டும்? கேட்காததால்தான் கொடுக்கவில்லை. ஊழியர் சங்கத்துக்காக அவர் ஆண்டுதோறும் எழுதும் நிவேதனம், அதாவது போனஸ் மனு, ஒன்று கைவசம் இருந்தது. அதில் தோட்டத்தின் பெயர் இருந்த இடத்தில் வங்கியின் பெயரைப் போட்டார். 'தொழிலாளிகள்' என்று இருந்த இடத்தில் 'பங்குதாரர்கள்'. விலைவாசி உயர்வு பற்றிய பத்தியை அப்படியே விட்டார். கோதுமை, மண்ணெண்ணெய் விலை எல்லாம் அதில் இருந்தன. இருபது சதவீதத்துக்குக் குறையாமல் வழங்க வேண்டும், தவறினால் நேரடி நடவடிக்கையில் இறங்க நேரிடும் என்று முடிந்தது.

"நேரடி நடவடிக்கைன்னா என்னங்க பண்றது?" என்று மச்சான் கொஞ்சம் கவலையோடு கேட்டார்.

"அது சும்மா மிரட்டலுக்கு வே. நீரு என்ன லண்டனுக்குப் போயி வாசல்லயா உக்காரப்போறீரு?"

"சீனாக்காரனுக்கும் ஒண்ணு அனுப்பலாமுங்களா? இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுத்தாலும் குடுப்பான்."

"கார்பன் வச்சா ரெண்டாச்சு."

ஆங்கிலத்தில் அதைத் தட்டச்சு செய்தவன் நான். மறுநாள் திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், தோட்டத்துத் தட்டச்சுப் பொறியில். ஒரு வார்த்தையும் திருத்தவில்லை. கோதுமையையும் விடவில்லை. நிறுத்தியிருக்கலாம். இது பைத்தியக்காரத்தனம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் மச்சான் பயந்திருப்பார், அவர் எளிதில் பயப்படுகிறவர். ஆனால் இரண்டு முட்டாள்கள் கையெழுத்திட்டு லண்டனுக்கு அனுப்பும் ஒரு காகிதத்தை என் கையால் அச்சடிப்பதில் எனக்கு ஓர் இன்பம் இருந்தது. ஆயுள் முழுவதும் சொல்லிச் சிரிக்க ஒரு கதை என்று நினைத்தேன். மனுவின் அடியில், மச்சான் சொன்னபடி, 'மேற்படி பங்குதாரரான காலஞ்சென்ற இன்னாரின் மகன்' என்று அடித்தேன். அதை அடிக்கும்போது என் விரல் நிற்கவில்லை.

வண்டிப்பெரியார் தபாலாபீசில் இரண்டையும் ரிஜிஸ்டர் செய்து ரசீதை மச்சான் பர்சில் வைத்துக்கொண்டார். லண்டன் பதில் வரும்வரை எந்தப் பங்கையும் விற்பதில்லை என்று என்னிடம் உறுதி சொன்னார். அக்காவுக்கு நான் எழுதினேன்: 'கவலைப்படாதே. உன்னுடையது தப்பியது.'

கார்த்திகையில் லண்டன் பதில் வந்தது. சில நாள் கழித்து பெனாங்கிலிருந்தும். மச்சான் இரண்டையும் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு மறுபடியும் அத்தனை பஸ் மாறி வந்தார். இருபது சதவீதத்தைப் பிரிக்கும்போது பெரிய கிராணி பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

லண்டன் கடிதம் மிகவும் மரியாதையானது. கோதுமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தங்கள் தகப்பனார் காலமான செய்தியைத் தங்கள் கடிதத்தின் மூலமாகவே அறிந்தோம், வருந்துகிறோம். மேற்படி பங்குகள் இன்னமும் அவர் பெயரிலேயே உள்ளன. எனவே இறப்புச் சான்றிதழ், வாரிசுரிமைக்கு இங்கிலாந்து நீதிமன்றத்தின் அனுமதி, இந்திய ரிசர்வ் வங்கியின் அனுமதி ஆகியவை வந்து சேரும்வரை ஈவுத்தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம். பங்குகளை விற்கவோ மாற்றவோ இயலாது. பெனாங்குக் கடிதமும் அதேதான், இன்னும் இரண்டு வரி குறைவு.

இரண்டையும் நான் தமிழில் சொல்லி முடித்தேன்.

"செத்தவரு பேருல இருந்தா என்ன மாப்ளே?" என்றார் மச்சான். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "நம்மூர்ல எல்லாம் அப்பிடித்தான இருக்குது? எங்க காட்டுக்குக் கரம் கட்ற ரசீது இன்னும் எங்க தாத்தன் பேருலதான் குடுக்கறாங்க. வில்லேஜ் ஆபீசர் ஒரு நாளும் அவரு எங்கன்னு கேட்டதில்லயே."

அது நிஜம். சித்தூர்ப் பக்கத்தில் நிலம் யாருடையது என்று காகிதத்தைப் பார்த்தால், பாதி ஊர் இறந்தவர்களுக்குச் சொந்தமாக இருக்கும். முப்பது வருடம் முன்னால் செத்தவர் ஆண்டுதோறும் வரி கட்டி ரசீது வாங்கிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் பெயர் மாற்றப் போனால் பாகப் பிரிவினை வரும், செலவு வரும், சண்டை வரும். அப்படியே விட்டுவிடுவார்கள். நானும் அந்த ஊர்க்காரன்தான். இரண்டு பத்திரத்திலும் அந்தப் பெரியவரின் பெயரை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அட்டவணையின் தலைப்பில் எழுதியும் இருக்கிறேன். பவுனின் வீழ்ச்சியைச் சிவப்பு மையில் குறித்த எனக்கு, பங்குதாரர் உயிரோடு இல்லை என்பது குறிக்க வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

"இங்கிலாந்து கோர்ட்டுன்னா பீசு எக்கச்சக்கமா ஆவுமே வே," என்றார் பெரிய கிராணி. "பேசாம ரிசர்வ் பேங்குக்கு ஒரு நிவேதனம் போட்டா என்ன?"

நல்லவேளையாக மச்சான் அதற்குச் சம்மதிக்கவில்லை. வெளிநாட்டுப் பங்குகளை அரசிடம் சொல்லாமல் வைத்திருப்பவர்களைத் தண்டிக்கும் புதுச் சட்டம் அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அவர் அதுவரை எதையும் எங்கேயும் அறிவித்ததில்லை என்று அன்றைக்குத்தான் சொன்னார். கடிதங்கள் இரண்டும் பெட்டியின் அடிக்குப் போயின. சட்டையும் டார்ச்சும் அதோடு நின்றன.

ஆக, மூன்று நாடுகளையும் ஒப்பிட்டு நாங்கள் மூன்று ஆண்கள் கண்ட முடிவு இதுதான். விற்கக்கூடிய பங்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது. உயிரோடு இருந்த பங்குதாரர் என் அக்கா மட்டும்தான்.

என் அட்டவணையைப் பற்றியும் பெரிதாகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1975 பிறந்த சில வாரங்களிலேயே லண்டன் சந்தை நிமிர்ந்து விறுவிறுவென்று ஏறியதை, வழக்கம்போல் இரண்டு மாதம் தாமதமாகப் படித்தேன். நான் விற்கச் சொன்ன நாட்களில் விற்க முடிந்திருந்தால், பள்ளத்தில் கொண்டுபோய் விற்றிருப்போம்.

தை மாதம், அக்காவின் பங்கை விற்க வரச் சொல்லி மச்சானின் தந்தி வந்தது. லீவு போட்டுப் போனேன். தோப்பில் வடக்கு ஓரத்து மரங்களின் மட்டை தொங்கிக்கிடந்தது, குரும்பை எல்லாம் உதிர்ந்திருந்தது. அக்கா எதிர்த்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்து, இரண்டு பக்கமும் பேசத் தயாராகப் போயிருந்தேன். அவள் சேலை மாற்றி, பத்திரங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

வங்கி, உரக்கடைக்கு மேல்மாடியில். பங்கை வாங்கிக்கொள்ள ஆள் பிடித்து வைத்திருந்தார் மானேஜர். வங்கியின் பழைய பங்குதாரர் ஒருவர், பக்கத்து ஊர் அரிசி ஆலைக்காரர். ஒரே பேச்சில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டாராம். வேண்டாத பங்கை யாரும் அப்படி எடுப்பதில்லை என்று மச்சானுக்கு அப்போதும் தோன்றவில்லை. அவர் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மானேஜர் மலையாளமும் தமிழும் கலந்து அக்காவிடம் கேட்டார்: "நல்லா யோசிச்சுத்தானே? இந்தக் கொல்லம், இந்த வருசம், டிவிடெண்டு கூடும்னுதான் கேக்கறேன்."

"யோசிச்சாச்சுங்க," என்றாள். பங்கை மாற்றிக் கொடுக்கும் படிவங்களில் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டாள். மெதுவாக, எழுத்துக் கூட்டி. கடைசிப் படிவத்தில் போட்டுவிட்டுக் கேட்டாள்: "இனி அந்த வருசக் கூட்டத்துக் காயிதம் எனக்கு வராதுங்களா?"

"வராது. வாங்கினவர் பேருக்குப் போகும்."

"ம்," என்று பேனாவை மூடிக் கொடுத்தாள். அந்தக் கூட்டத்துக்கு அவள் ஒருமுறையும் போனதில்லை. ஆனால் தபால்காரன் அந்த வீட்டு வாசலில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அந்தக் காகிதத்துக்காக மட்டும்தான் என்று பிறகு ஒருநாள் சொன்னாள்.

மச்சான் பணத்தை எண்ணிக்கொண்டு உள்ளே இருந்தபோது நாங்கள் இருவரும் படியிறங்கி, கீழே உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"லண்டனுக்குப் போன காயிதத்த நீதான் டைப் அடிச்சயாமா?"

"ஆமாக்கா."

"அடிக்கறப்பவே உனக்குத் தெரியுமா, அது கிறுக்குத்தனம்னு?"

"தெரியும்."

"உங்க மச்சானுக்குத் தெரியாது. அதுனால அவரு மேல எனக்குக் கோவமில்ல," என்றாள். காலியான துணிப்பையை மடித்துக்கொண்டே, "நீ ஏஞ் சாமி சொல்லல?" என்று கேட்டாள்.

மச்சானைப் பற்றியும் பெரிய கிராணியைப் பற்றியும் சொல்ல என்னிடம் எத்தனையோ இருந்தது. நான் உர மூட்டையில் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டு நின்றேன்.

மாசியில் வேட்டு வைத்தார்கள். பங்குனிக் கடைசியில் தண்ணீர் வந்தது. தென்னை பிழைத்தது. மச்சான் உரக்கடையில், முடிதிருத்தும் கடையில், பொள்ளாச்சி பஸ்ஸில் புதிதாக ஒன்று சொல்லத் தொடங்கினார். மூன்று நாட்டு வங்கிகளையும் அலசிப் பார்த்து, இருப்பதிலேயே மட்டமானதைச் சரியான நேரத்தில் கழித்துவிட்டாராம், உசத்தியானது இரண்டும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதாம். ஒருமுறை என் முன்னாலேயே சொல்லிவிட்டு, "ஏன் மாப்ளே, நீயும் அட்டவணை போட்டுப் பாத்தயில்ல?" என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

"பாத்தேனுங்க மச்சான்," என்றேன். "மூணுல நல்லது அக்காவோடதுதான். அதைத்தான் வித்தோம்."

"அதேதான் நானுஞ் சொல்றேன்," என்றார் அவர்.